நிழலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? வேலூர் மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் தினமும் மாலை ஆறரை மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். நர்சிங் படிக்கிற பெண்கள், பாபு ராவ் தெரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிற தம்பிகள், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மெயில் எழுதுகிறவர்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்று வரும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். இலக்கணம் பற்றிக் கேட்பதைவிட "இந்த ரெண்டு வார்த்தைக்கும் இன்னா வித்தியாசம் மிஸ்?" என்று கேட்பதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே மேற்கோளுக்குள் போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், அப்போதுதான் நாக்கில் ஏறும்.

டிக்‌ஷனரியில ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே போட்டிருக்கு. அப்புறம் எப்படி வேற வேற ஆகும்?

அகராதி பொய் சொல்லவில்லை. நம்முடைய ஒரு சொல் தனியாகச் சுமக்கிற வேலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பங்கு எங்கே பிரிகிறது என்று அகராதியின் ஒற்றை வரியில் தெரியாது.

நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஷேட்' என்றாலும் நிழல், 'ஷேடோ' என்றாலும் நிழல். மே மாதம், நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில், மதியம் ஒரு மணிக்கு கிரீன் சர்க்கிள் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறீர்களா? ஒதுங்குவதற்கு ஒரு புளியமரமாவது இருக்கிறதா என்று கண் தேடும். அந்த மரம் தருவது 'ஷேட்'. அதே வெயிலில் உங்கள் காலடியிலேயே குட்டையாக, கறுப்பாக, உங்கள் உருவத்திலேயே ஒன்று விழுந்து கிடக்கும். அது 'ஷேடோ'. 'ஷேட்' ஒரு இடம், அதற்குள் போய் உட்காரலாம். 'ஷேடோ' ஒரு உருவம், அதற்கு விளிம்பு உண்டு, இன்னாருடையது என்று சொல்லலாம்.

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்கிறோமே, அது 'ஷேட்'. "நிழல் மாதிரி என் பின்னாலேயே வரான்" என்றால் 'ஷேடோ'. பஸ் ஸ்டாப்பில் எழுதியிருக்கும் பயணியர் நிழற்குடையில் இருப்பது 'ஷேட்'. தமிழில் நாம் யோசிக்காமலே சரியாகப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ஒரு நொடி நின்று, "இதுக்குள்ள போய் உட்கார முடியுமா?" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

வகுப்பில் எல்லாச் சொல்லுக்கும் இப்படித்தான் செய்கிறோம். முதலில் அந்தத் தமிழ்ச் சொல்லை வைத்து வீட்டில் பேசுகிற ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வேன். பிறகுதான் ஆங்கிலம்.

கை, கால் இதுக்கெல்லாம்கூடவா வித்தியாசம்?

இதற்குத்தான் முதலில் வித்தியாசம் தெரியவேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியை வைத்துப் பிழைக்கிற ஊரில். தோளில் இருந்து மணிக்கட்டு வரை 'ஆர்ம்', மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்'. தொடையில் இருந்து கணுக்கால் வரை 'லெக்', அதற்குக் கீழே 'ஃபுட்'. நமக்குத் தொடை, பாதம், உள்ளங்கை என்று சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வலி வந்தால் "கால் வலிக்குது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவோம். விரலும் இப்படித்தான்: கையில் இருந்தால் 'ஃபிங்கர்', காலில் இருந்தால் 'டோ'. கைக்கட்டை விரலுக்கு மட்டும் 'தம்ப்' என்று தனிப்பெயர்.

நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிக் குடும்பங்களின் மொழியிலும் 'பா' என்றால் காலும் பாதமும் இரண்டும்தான். அவர்களும் நாமும் நடுவில் ஆங்கிலத்தில் சந்திக்கிறோம். அவர் 'லெக் பெயின்' என்பார், நம் பெண் அதையே சீட்டில் எழுதிக்கொள்வாள், வலி குதிகாலில் இருக்கும். அதனால் நர்சிங் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சொல்லைக் கேட்ட கையோடு "எங்கேன்னு தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மயக்கம்னா 'அன்கான்ஷியஸ்'தானே?

எனக்கு மிகவும் அக்கறை உள்ள கேள்வி இது. காரணம் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் நைனாவுக்குக் காலையில் இருந்தே தலை கிறுகிறுப்பு. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இட்டுக்கொண்டு போனோம். தமிழ் தெரியாத இளம் டாக்டர். "காலையில இருந்து மயக்கமா இருக்காருன்னு சொல்லும்மா" என்றார் அம்மா. நான் அப்படியே 'ஹி ஈஸ் அன்கான்ஷியஸ் சின்ஸ் மார்னிங்' என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். நைனா நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் என் பக்கம் திரும்பி மூன்றே கேள்வி கேட்டார்: கீழே விழுந்தாரா? எத்தனை நிமிஷம் நினைவில்லாமல் இருந்தார்? அறை சுற்றுவதுபோல் இருக்கிறதா, இல்லை தலை லேசாக இருக்கிறதா?

அந்த மூன்று கேள்வியிலேயே எல்லா வித்தியாசமும் இருக்கிறது. நம் வீட்டில் பேசுகிற வாக்கியங்களை வைத்துப் பாருங்கள்.

"எழுந்து நின்னா மயக்கமா வருது" என்றால் 'டிஸி' அல்லது 'கிடி'. நினைவு போகவில்லை, தள்ளாட்டம்தான். "வீடே சுத்துது" என்றால் 'எவ்ரிதிங் ஈஸ் ஸ்பின்னிங்' என்று சொல்லிவிடுங்கள். டாக்டர்கள் அதை 'வெர்டிகோ' என்பார்கள், அந்தப் பெயரை நாம் வைக்கவேண்டாம். "மயக்கம் போட்டு விழுந்துட்டாரு, தண்ணி தெளிச்சதும் எழுந்துட்டாரு" என்றால் 'ஹி ஃபெயின்டட்'. "கூப்பிட்டா கண்ணே தெறக்கல" என்றால் அதுதான் 'அன்கான்ஷியஸ்'. "மாத்திரை போட்டதுல இருந்து மயக்கமாவே இருக்கு" என்று பாட்டி சொல்வது பல சமயம் தூக்கக் கலக்கம், அதற்கு 'ட்ரௌஸி'. "ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்தாங்க" என்றால் 'அனஸ்தீஷியா'.

ஒரே சொல், ஆறு நிலைமை. இதில் எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து டாக்டர் அடுத்து என்ன செய்வார் என்பதே மாறும். ஆங்கிலச் சொல் வாயில் வராவிட்டால் பரவாயில்லை. விழுந்தாரா இல்லையா, பேச்சுக் கொடுத்தால் பதில் சொன்னாரா இல்லையா, இதை மட்டும் சின்ன வாக்கியத்தில் சொன்னால் போதும்.

சளிக்கு 'கோல்ட்' சொல்லலாமா?

"சளி பிடிச்சிருக்கு" என்றால் சொல்லலாம். "இருமினா சளி வருது" என்றால் அது 'ஃப்ளெம்'. பரிசோதனைக்கு டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொல்வது 'ஸ்பூட்டம்'.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் இங்கே புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் 'டயபடீஸ்' என்றும் 'ஹை பிளட் பிரஷர்' என்றும் முழுதாகச் சொல்லப் பழகுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லோர் உடம்பிலும் இருப்பவை, கூடுவதுதான் நோய்.

'ட்ரீட்', 'க்யூர்', 'ஹீல்' மூணும் குணப்படுத்துறதுதானே?

வைத்தியம் பார்ப்பது 'ட்ரீட்'. அது டாக்டர் செய்கிற வேலை, பலன் என்ன ஆகும் என்று அந்தச் சொல் வாக்குக் கொடுப்பதில்லை. நோய் அடியோடு போவது 'க்யூர்'. புண் ஆறுவது, எலும்பு கூடுவது 'ஹீல்'. பாருங்கள், இங்கே தமிழும் மூன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது: வைத்தியம் பார்த்தார், குணமாச்சு, ஆறிப்போச்சு. அதையே பிடித்துக்கொண்டு போனால் தப்பாது. மருந்துப் பொட்டலத்தில் 'க்யூர்' என்று எழுதியிருந்தால் மட்டும் கவனமாகப் படியுங்கள். சுகருக்கு 'ட்ரீட்மென்ட்' என்று எழுதுவது வேறு, 'க்யூர்' என்று விற்பது வேறு. அப்படி விற்கப்பட்டதை நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இதோடு ஒட்டி இன்னொரு கேள்வி வரும். 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் நம் ஊரின் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) ஆஸ்பத்திரி. அதன் குறிக்கோள் வாசகத்தில் 'மினிஸ்டர்' என்று வருகிறதே, மந்திரிக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு பையன் கேட்டான். அங்கே அது வினைச்சொல். பணிவிடை பெறுவதற்கு வரவில்லை, பணிவிடை செய்ய வந்தோம் என்பது அந்த வாசகத்தின் பொருள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேலைக்காரர் என்றுதான் அர்த்தம். 'குறைவு' என்ற வேரில் பிறந்தது 'மினிஸ்டர்', 'மிகுதி' என்ற வேரில் பிறந்தது 'மாஸ்டர்'. அரசனுக்குப் பணி செய்கிறவர் என்று தொடங்கி, பிறகுதான் அது மந்திரி ஆனது.

'ஹியர்', 'லிசன்' ரெண்டும் கேக்கறதுதானே?

காதில் தானாக விழுவது 'ஹியர்'. மனசு வைத்துக் கேட்பது 'லிசன்'. ராத்திரி காட்பாடி ஜங்ஷன் பக்கம் படுத்திருந்தால் ரயில் சத்தத்தை 'ஹியர்' செய்வோம், விரும்பாவிட்டாலும் விழும். எந்த பிளாட்பாரத்தில் வண்டி வருகிறது என்ற அறிவிப்பை 'லிசன்' செய்யவேண்டும். 'லிசன்' வந்தால் பின்னால் 'டு' வரும், மறக்காதீர்கள்.

ஆனால் தமிழில் "கேள்" இதோடு நிற்பதில்லை. "வழி கேட்டேன்" என்றால் 'ஆஸ்க்'. "பணம் கேட்டான்" என்றால் 'ஆஸ்க் ஃபார்'. "சொன்னா கேக்க மாட்டேங்குறான்" என்றால் காது கேட்கவில்லை என்றா அர்த்தம்? அது 'ஒபே', அல்லது 'ஹி டஸ் நாட் லிசன்'. ஒரு அம்மா பள்ளிக்கூடத்தில் தன் மகனைப் பற்றி 'ஹி கேன் நாட் ஹியர் மை வேர்ட்ஸ்' என்று சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் அடுத்த நாளே பையனை முன் பெஞ்சுக்கு மாற்றிவிட்டாராம்.

'சீ', 'லுக்', 'வாட்ச்'?

கண்ணில் படுவது 'சீ'. கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்', அதற்குப் பின்னால் 'அட்'. நகர்கிற ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்': கிரிக்கெட், டிவி, அடுப்பில் பொங்கும் பால்.

'பை' போடணுமா 'அன்டில்' போடணுமா? ஆபீஸ்ல தினமும் குழப்பம்.

தமிழ் உங்களைக் கைவிடாத இடம் இது. "வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று தமிழில் வந்தால் 'பை'. "வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்று வந்தால் 'அன்டில்' அல்லது 'டில்'. அவ்வளவுதான்.

ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற தம்பி, இத்தாலிக்காரருக்கு மெயில் எழுதியிருந்தார்: 'வி வில் சென்ட் தி சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே'. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவோம் என்று சொல்ல நினைத்தார். அங்கிருந்து பதில் வந்தது: ஒன்றுக்கு மேல் அனுப்புகிறீர்களா, வெள்ளிக்குப் பிறகு நிறுத்திவிடுவீர்களா? "நான் தப்பா என்ன எழுதினேன் மிஸ்?" என்று போனைக் காட்டினார். 'அன்டில்' என்றால் வேலை அதுவரை நடந்துகொண்டே இருக்கவேண்டும்: கடை பத்து மணி வரை திறந்திருக்கும், மழை விடியும் வரை பெய்தது. 'பை' என்றால் அந்த நேரத்துக்கு முன்னால் ஒருமுறை முடிந்தால் போதும்.

'சின்ஸ்', 'ஃபார்'?

"பத்து வருஷமா" என்றால் 'ஃபார்', "2019ல இருந்து" என்றால் 'சின்ஸ்'. தொடங்கிய புள்ளி சொன்னால் 'சின்ஸ்', நீளம் சொன்னால் 'ஃபார்'. ராணிப்பேட்டை தனி மாவட்டமாக இருப்பது 'சின்ஸ் 2019'. சொல் சரியாக இருந்தாலும் 'ஐ ஆம் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் தப்புதான், 'ஐ ஹேவ் பீன் ஹியர்' என்று வரவேண்டும்.

தோலுக்கு 'ஸ்கின்', 'ஹைட்', 'லெதர்' மூணும் எழுதறாங்க. எது சரி?

மூன்றும் சரி, மூன்றும் வேறு. பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆடு போன்ற சிறிய விலங்கின் தோல் 'ஸ்கின்'. மாடு, எருமை போன்ற பெரிய விலங்கின் தோல் 'ஹைட்'. இரண்டுக்கும் நடுவில், இளம் மாட்டின் அளவான தோலுக்கு 'கிப்' என்று வியாபாரத்தில் தனிப்பெயர் இருக்கிறது. பதனிட்ட பிறகுதான் அது 'லெதர்'. பதனிடாமல் விட்டால் அழுகும், பதனிட்டால் அழுகாது, அந்தக் கோட்டைத் தாண்டியதும் பெயரும் மாறுகிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோம். குரோமில் ஊறி ஈரத்தோடு நீலம் பாரித்து நிற்பதால்தான் அந்த நிலைக்கு 'வெட் புளூ' என்று பெயர்.

'ரா லெதர்' என்று மெயிலில் எழுதாதீர்கள். பச்சைத் தோல் என்று சொல்ல நினைத்தால் 'ரா ஹைட்' அல்லது 'ரா ஸ்கின்'. மனிதத் தோலுக்கு எப்போதும் 'ஸ்கின்' மட்டும்தான்.

இதே ஆபீஸ்களில் இருந்து 'டிஃபெக்ட்', 'டேமேஜ்' பற்றியும் கேட்பார்கள். பொருளோடு பிறந்த குறை 'டிஃபெக்ட்': மாட்டின் மேல் முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, கோணலாகப் போன தையல். நன்றாக இருந்தது பிறகு கெட்டால் 'டேமேஜ்': பெட்டியில் தண்ணீர் இறங்கியது, லாரியில் நசுங்கியது. தையல் கோணலை 'டேமேஜ்' என்று எழுதினால், வழியில் கெட்டதாகச் சொல்கிறீர்கள் என்று வாங்குகிறவர் நினைப்பார். யார் பொறுப்பு, யார் காசு கொடுப்பது என்பதே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வேலூர்ல நடந்தது 'மியூட்டினி'யா, 'ரிபெல்லியன்'னா, 'ரெவல்யூஷன்'னா?

பள்ளிப் பிள்ளைகள் கோட்டைக்குப் போய்வந்ததும் கேட்பது. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன். கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கும்பினி அதிகாரிகள்மேல் திரும்பினார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணியவேண்டும் என்ற உத்தரவுதான் உடனடிக் காரணம். கோட்டையைப் பிடித்து, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். 1857க்கு 51 வருஷம் முந்தியது இது.

இப்போது சொற்களுக்கு வருவோம். படைவீரர்களோ கப்பல் ஆட்களோ தங்கள் சொந்த மேலதிகாரிக்கு எதிராக எழுவது 'மியூட்டினி'. மக்கள் ஆட்சிக்கு எதிராக எழுவது 'ரிபெல்லியன்', 'ரிவோல்ட்'. ஆட்சியே கவிழ்ந்து புதிது பிறந்தால் 'ரெவல்யூஷன்'. இந்த அளவுகோலில் வடிவத்தால் அது 'மியூட்டினி'தான், ஆங்கிலப் புத்தகங்கள் அப்படியே எழுதுகின்றன.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பார்வை இருக்கிறது. கீழ்ப்படிய வேண்டியவன் கீழ்ப்படியவில்லை என்று அதிகாரி எழுதுகிற குற்றப்பத்திரிகைச் சொல் அது. கீழ்ப்படியச் சொல்ல அவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அதில் வராது. தமிழிலும் இதே இழுபறி உண்டு: சிப்பாய்க் கலகம் என்றும் எழுதுகிறார்கள், வேலூர்ப் புரட்சி என்றும் எழுதுகிறார்கள். தேர்வில் பாடப்புத்தகச் சொல்லை எழுதுங்கள். சொந்தமாகக் கட்டுரை எழுதினால் நான் 'அப்ரைசிங்' என்ற சொல்லைச் சிபாரிசு செய்வேன். எழுச்சி என்று அப்படியே பொருள்படும், எழுந்தவர்கள் பக்கம் நின்று பார்க்கிற சொல் அது.

'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிகல்' இரண்டையும் இதே கட்டுரையில் குழப்புவார்கள். வரலாற்றில் இடம்பிடித்த முக்கியமான நாள் 'ஹிஸ்டாரிக்'. வரலாறு சம்பந்தப்பட்ட எதுவும் 'ஹிஸ்டாரிகல்', ஒரு பழைய வரி ரசீதுகூட.

'பிரிங்', 'டேக்' எப்படிப் பிரிக்கிறது?

வா இருக்கும் இடத்தில் 'பிரிங்', போ இருக்கும் இடத்தில் 'டேக்'. கொண்டு வா, கொண்டு போ. நம் வட ஆற்காட்டுப் பேச்சில் ஆளுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று வேறு பிரிக்கிறோம்: "பாட்டிய இட்டுக்கினு வா", "பைய எடுத்துக்கினு வா". ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. பாட்டிக்கும் பைக்கும் ஒரே 'பிரிங்'தான்.

"போயிட்டு வரேன்" எப்படி மிஸ் சொல்றது?

'ஐ வில் கோ அண்ட் கம்' வேண்டாம். கடைக்குப் போய்த் திரும்புவதானால் 'ஐ வில் பி பேக்'. விடைபெறுவதானால் 'சீ யூ' அல்லது 'பை'. போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று நம் வீட்டில் கற்றுத்தந்த அந்தப் பரிவை ஒரே சொல்லில் கொண்டுபோக ஆங்கிலத்தில் வழியில்லை.

'டவுட்', 'கொஸ்டின்'?

தெரியாததைக் கேட்பது 'கொஸ்டின்'. நம்பிக்கை வராமல் இருப்பது 'டவுட்'. தமிழில் இரண்டும் சந்தேகம். 'ஐ ஹேவ் எ டவுட், சார்' என்று நம் காலேஜில் சொன்னால் ஒரு குறையும் இல்லை, இந்தியா முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள், அதை நான் திருத்துவதில்லை. வெளிநாட்டுக்காரரோடு பேசும்போது மட்டும் 'கொஸ்டின்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

எப்பவும் நமக்குத்தான் சொல் குறைவா? அவங்களுக்குக் குறையவே குறையாதா?

நிறையக் குறையும். நெல், அரிசி, சோறு மூன்றையும் 'ரைஸ்' என்றே பேச்சில் முடித்துக்கொள்கிறார்கள். அன்றாட வேலையில் இடிக்கிறது 'வி' என்ற சொல். நாம் என்றாலும் 'வி', நாங்கள் என்றாலும் 'வி'. லாட்ஜ் தம்பி ஒருவர், நோயாளியின் அண்ணனிடம் 'வி வில் கோ டு தி லேப் டுமாரோ' என்றார். நாங்க போய் ரிப்போர்ட் வாங்கிவருகிறோம் என்று அவர் மனசில். அந்த மனிதர் காலை ஆறு மணிக்கே குளித்துக் கிளம்பி, படிக்கட்டில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'யூ அண்ட் ஐ' என்று விளக்குங்கள். சேர்க்காவிட்டால் 'அவர் ஸ்டாஃப்' என்பதுபோல யாரென்று பெயர் சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு 'ரென்ட்', 'ஹையர்', 'லீஸ்' எது?

வீட்டுக்கு, அறைக்கு மாதாமாதம் கொடுப்பது 'ரென்ட்'. கார், சைக்கிள், பந்தல் சாமான் என்று கொஞ்ச நேரத்துக்கு எடுப்பது பிரிட்டிஷ் வழக்கில் 'ஹையர்', அமெரிக்காவில் அதற்கும் 'ரென்ட்'தான். ஆளை வேலைக்கு எடுப்பதும் 'ஹையர்'.

'லீஸ்'தான் ஆபத்தான சொல். நம் ஊரில் "வீடு லீஸுக்கு" என்று போர்டு போட்டால், ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. போக்கியம் என்று பெரியவர்கள் சொல்வது. ஆங்கிலத்தில் 'லீஸ்' என்பது இத்தனை வருஷம் என்று எழுதிக்கொள்கிற ஒப்பந்தம், அதில் பெரும்பாலும் வாடகையும் உண்டு. வெளிமாநிலக் குடும்பத்திடம் வெறுமனே 'ஹவுஸ் ஃபார் லீஸ்' என்றால் மாத வாடகை எவ்வளவு என்று கேட்பார்கள். 'ஒன் டெபாசிட், நோ மந்த்லி ரென்ட், ஃபுல் ரிஃபண்ட்' என்று உடைத்துச் சொல்லி, அதையே பத்திரத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டணம்னா 'ஃபீஸ்'னு சொல்லிடலாமா?

டாக்டருக்கு, பள்ளிக்கு 'ஃபீஸ்'. பஸ்ஸுக்கு, ரயிலுக்கு 'ஃபேர்'. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் 'டோல்'. ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் 'ஃபைன்'.

'ஸ்டீல்', 'ராப்'?

பொருளைத் திருடினால் 'ஸ்டீல்', ஆளிடமிருந்தோ இடத்திலிருந்தோ பறித்தால் 'ராப்'. 'ஹி ஸ்டோல் மை செயின்', 'ஹி ராப்ட் மீ'. 'ராப்' வந்தால் பின்னால் வருவது பறிகொடுத்தவர், சங்கிலி அல்ல. சட்டத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அதற்கு 'டகாய்ட்டி' என்று தனிப்பெயர்.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்', 'அட்வைஸ்' இதெல்லாம் எப்ப சொல்லித் தருவீங்க?

அவை பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் தகராறு. 'அஃபெக்ட்' பாதிப்பது, 'எஃபெக்ட்' பாதிப்பு. 'அட்வைஸ்' என்பதைச் சீறும் ஒலியோடு முடித்து சி போட்டு எழுதினால் அறிவுரை, வண்டு ரீங்கரிப்பதுபோல் முடித்து எஸ் போட்டு எழுதினால் அறிவுரை சொல்வது. காலேஜ் முதல்வர் 'பிரின்ஸிபல்' ஏ எல் என்று முடியும், கொள்கை எல் ஈ என்று முடியும். பத்து முறை கையால் எழுதினால் வந்துவிடும்.

இன்டர்வியூல 'ஐ பாஸ்டு அவுட் இன் 2021' சொன்னேன். சரிதானே?

இங்கே நடக்கிற இன்டர்வியூவில் புரிந்துகொள்வார்கள். லண்டனிலோ அமெரிக்காவிலோ இருந்து வீடியோவில் கேட்கிறவருக்கு 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தீர்கள் என்று அர்த்தம், மேலே மயக்கத்துக்குச் சொன்னவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணுவப் பயிற்சி முடிப்பதற்கு மட்டும் பிரிட்டனிலும் அதே சொல் உண்டு. நீங்கள் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2021' என்று சொல்லுங்கள். டிப்ளமோ என்றால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ'.